மூன்றாம் கட்டத்து ஓங்கில்கள்

மாயாண்டிக்குப் பொய் சொல்ல வராது என்று தாழைமுனையில் எல்லோருக்கும் தெரியும். வராத காரியத்தை ஒரு மனிதன் எத்தனை நாளைக்கு இழுத்துப் பிடிக்கலாம்? மாயாண்டி மூன்று மாதம் பிடித்தார். கிழமைக்கு இரண்டு நாள், செவ்வாயும் சனியும், செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி மாட்டிய ஏழெட்டுப் பிள்ளைகளைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு போவார். ஓங்கில் வராத இடமாகப் பார்த்துப் படகை நிறுத்துவார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இண்டைக்கும் காணேல்ல" என்பார்.

கரையில் ஓங்கில் என்பதைத்தான் பள்ளிக்கூடப் புத்தகம் டொல்பின் என்கிறது. அந்த டொல்பின் பேசுவதைக் கேட்க ஒரு திட்டம் வந்திருக்கிறது என்றதும் ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "எங்கட பிள்ளையள் கதைக்கிறதைக் கேக்க ஆளில்லை, ஓங்கில் கதைக்கிறதைக் கேக்க ஆள் வந்திட்டுது" என்று மீன் வாடியில் ஒருத்தர் சொன்னார். திட்டத்தைக் கொண்டு வந்தவள் சுதாஜினி. கிளிநொச்சிப் பெண், பல்கலைக்கழகத்தில் கடலுயிர் படித்துவிட்டு அங்கேயே ஆராய்ச்சி செய்கிறவள். யார் சிரித்தாலும் அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

மீனவர் சங்கக் கட்டடத்தில் அவள் வகுப்பு வைத்தாள். ஒவ்வொரு ஓங்கிலுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு, குட்டியிலேயே அதைப் பழகிக்கொள்ளும், கூட்டத்தில் மற்றதுகள் அதைக் கூப்பிடுவதும் அந்தச் சீழ்க்கையை வைத்துத்தான் என்று படம் போட்டுக் காட்டினாள். உயர்தரம் படிக்கிற பிள்ளைகளும் வேலை தேடிக்கொண்டிருந்த இளசுகளும் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். தாழைமுனைக்கு முன்னால் கிடக்கும் கடலை வரைபடத்தில் நாலு கட்டமாகப் பிரித்திருந்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் எஞ்சினை நிறுத்தி, தண்ணீருக்குள் மைக்கை இறக்கி, இருபது நிமிடம் கேட்டுப் பதிய வேண்டும். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தாளில் எழுத வேண்டும். கடைசியில் படகுக்காரர் அந்தத் தாளில் கையெழுத்து வைக்க வேண்டும்.

"நான் என்னத்துக்கு மிஸ்?" என்று முதல் நாள் மாயாண்டி கேட்டார்.

"உங்கட கடலைப் பற்றி எங்களை விட உங்களுக்குத்தான் அண்ணை தெரியும். நீங்கள் சரியெண்டாத்தான் அது சரி."

இப்படி மதித்துப் பேசுகிற பெண்ணை ஏமாற்றுவது இலேசான காரியம் இல்லை.

ஏன் ஏமாற்ற வேண்டும் என்றால், அதற்கு ஒரு கதை இருக்கிறது. மாயாண்டியின் தகப்பன் எழுபத்தேழு கலவரத்தோடு மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். காட்டோரம் இரண்டு ஏக்கர் வெட்டித் திருத்தினார். மாயாண்டி அந்த மண்ணில் பிறந்து, அந்த மண்ணில் கச்சான் கடலை போட்டு, யுத்தம் துரத்த ஓடி, முகாமில் கிடந்து, திரும்பி வந்து மறுபடி அதையே கொத்தினார். அப்போது ஒருநாள் பிள்ளைகள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், தோளில் பை, கையில் தாள். மரம் எண்ண வந்திருக்கிறோம் என்றார்கள். மாயாண்டி கூடவே நடந்து பாலை எது, வீரை எது என்று காட்டிக் கொடுத்தார். மனைவி வீரம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஆறு மாதம் கழித்து ஒரு திணைக்களத்து ஆட்கள் வந்து, எண்ணின மரத்தை எல்லையாக வைத்துக் கல் நட்டார்கள். கச்சான் தோட்டம் கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா?

நிலம் போனபின் கடலுக்கு வந்தார். சங்கத் தலைவர் விஜிதரனின் படகில் கூலியாளாக ஏறினார். "கொழுந்து பிடுங்கினவையின்ர ஆளுக்குத் தூண்டில் எங்க பிடிபடப் போகுது" என்று கரை பகிடி பண்ணியது. மாயாண்டி நாலு வருடத்தில் தனக்கென்று ஒரு படகு எடுத்தார். ஒருநாள் தூண்டிலை இறக்கிக்கொண்டு நீரோட்டத்தோடு போகையில் ஈயம் கல்லில் தட்டியது. தட்டின இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடலடியில் ஒரு பார், கல்லுத் திட்டு, ஒரு வீட்டு வளவு அகலம், யாருக்கும் தெரியாதது. விளைமீனும் கலவாயும் அதில் குடும்பமாகக் கிடந்தன. விடியற்காலையில் ஓங்கில்கள் கூட்டமாக அங்கே வந்து, வயிறு நிரம்பும்வரை மேய்ந்து, குட்டிகளை விளையாட விட்டுவிட்டுப் போயின.

அந்தப் பார்தான் மாயாண்டிக்கு இருந்த ஒரே சொத்து. படகு பழையது, வீடு அரசாங்க வீட்டுத் திட்டத்தில் கிடைத்தது, காணி கல்லுக்குள் போனது. தூரத்தில் வேறு படகு தெரிந்தால் தூண்டிலை இழுத்துக்கொண்டு அந்த இடத்தை விட்டு விலகிவிடுவார். கரையில் எதை எதற்கு நேரே பார்த்தால் அந்த இடம் வரும் என்கிற கரைக்குறியை ஒருவருக்கும் சொல்லவில்லை. அது அவருடைய கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். தாழைமுனையில் எவனும் குறி சொல்ல மாட்டான். பெண் கொடுத்த மாமனுக்கும் சொல்ல மாட்டான். கேட்பதே மரியாதை இல்லை.

சுதாஜினியின் வரைபடத்தில் அந்தப் பார் மூன்றாம் கட்டத்தின் நடுவில் கிடந்தது. வரைபடத்தில் அது வெறும் நீலம். மாயாண்டி ஒவ்வொரு முறையும் மூன்றாம் கட்டத்தின் ஓரத்தில் நுழைந்து, எஞ்சினை நிறுத்தி, இருபது நிமிடத்தை ஓட்டிவிட்டு நாலாம் கட்டத்துக்குத் திருப்பிவிடுவார். அதுவும் பத்து மணிக்குப் பிறகுதான் கரையை விட்டே கிளம்புவார். ஒருநாள் பிளக் நனைந்திருக்கும், மறுநாள் எண்ணெய்க் குழாயில் காற்று அடைத்திருக்கும். நல்ல எஞ்சின் பாவம், அதன் பெயர் கெட்டது.

"மாமா, மூண்டாம் கட்டத்துக்குள்ள நாங்கள் ஏன் நடுவுக்குப் போறேல்ல?" என்று றிஸ்மியா ஒருநாள் கேட்டாள். முல்லைத்தீவுப் பிள்ளை. அவளுடைய வீட்டார் யுத்தத்தில் ஊர் விட்டுத் துரத்தப்பட்டு இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். தொண்டர்களில் அவள்தான் கெட்டிக்காரி, அதனாலேயே மாயாண்டிக்கு அவளைக் கண்டால் பயம்.

"அங்க சரியான நீரோட்டம் மகள். போட்டை நிப்பாட்டேலாது."

அவள் தலையாட்டிவிட்டு அதையும் தாளில் எழுதினாள். மைக்கை இறக்கினார்கள். காதில் மாட்டும் கருவியை நிருஷன் என்கிற பெடியன் வைத்துக் கேட்டான். கடுகு தாளிக்கிற சத்தம்தான் வருகிறது என்றான். அது இறால் என்று சுதாஜினி சொன்னாள். சிறு இறால்கள் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தமாம். இருபத்து நான்கு பயணமும் அந்தப் பிள்ளைகள் இறால் தாளிப்பதைக் கேட்டுவிட்டு, ஓங்கில் என்ற இடத்தில் பூச்சியம் எழுதிக்கொண்டு வந்தார்கள். முதலில் பாட்டுப் பாடிக்கொண்டு போனவர்கள் பிறகு பேசாமல் போனார்கள். இரண்டு பேர் வராமலே விட்டார்கள்.

ஒருமுறை றிஸ்மியா கருவியை மாயாண்டியின் காதில் மாட்டிவிட்டாள். வேறு கடலில் யாரோ பதிந்து வைத்ததைப் போட்டுக் காட்டினாள். "இதுதான் மாமா நாங்கள் தேடுறது. எப்பவாவது கேட்டிருக்கிறீங்களோ?"

கீச்சென்று ஏறி, வளைந்து, இறங்கும் சத்தம். பாரில் நங்கூரம் போட்டுவிட்டு முன்பக்க அணியத்தில் சாய்ந்து கிடக்கிற நேரங்களில், படகின் அடிப்பலகை வழியாக அவர் எத்தனையோ விடியலில் கேட்ட அதே சத்தம். மாயாண்டி கருவியைக் கழற்றிக் கொடுத்தார்.

"கேத்தில் கொதிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். "நான் கேக்கேல்ல மகள்."

வீட்டில் வீரம்மா கேட்டாள். "உந்தப் பச்சைப் பிள்ளையளை ஏய்க்கிறது பாவம் எண்டு தெரியேல்லையோ?"

"மரம் எண்ண வந்ததுகளும் பிள்ளையள்தான்."

"அதுக்கு?"

"பிள்ளையள் எண்ணும். பின்னால கல்லு வரும். கடலில கல்லு நட மாட்டினம், மிதவை போடுவினம். பேந்து மாயாண்டி உள்ளுக்குப் போகக் கூடாது எண்டுவினம். நீ உன்ர வேலையைப் பார்."

வீரம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள். அவளும் அந்தக் கச்சான் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்தவள்தான்.

ஆனி மாத முடிவில் சங்கக் கட்டடத்தில் ஒரு கூட்டம் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது. காலை பத்து மணிக்கு நாற்பது பேர் கதிரைகளில் இருந்தார்கள். முன்மேசையில் ஒரு கம்பனிக்காரர், கழுத்துப் பட்டியும் கொழும்புத் தமிழுமாக. பக்கத்தில் அனுமதி கொடுக்கிற அலுவலகத்திலிருந்து வந்த உத்தியோகத்தர், கண்ணாடி போட்ட அமைதியான மனிதர். பின்வரிசையில் சுதாஜினியும் அவளுடைய பிள்ளைகளும்.

கடலடியில் மணல் அள்ளப் போகிறார்கள் என்பதுதான் விடயம். கட்டடங்களுக்கு மணல் வேண்டும், ஆற்றில் இனி அள்ள முடியாது, கடலில் அள்ளினால் யாருக்கும் நட்டமில்லை என்று கம்பனிக்காரர் சொன்னார். சுவரில் ஒரு வரைபடம் விழுந்தது. நீலத்துக்கு நடுவில் சிவப்புச் சதுரம்.

மாயாண்டிக்கு வரைபடம் வாசிக்க வராது. பின்னால் திரும்பி றிஸ்மியாவைப் பார்த்தார். அவள் மெல்லச் சொன்னாள். "அது மூண்டாம் கட்டம், மாமா."

விஜிதரன் எழும்பினார். "மண்ணை உறிஞ்சினால் கலங்கல் எழும்பும். மீன் கலையும். ஓங்கில் கலையும்."

"மீன் திரும்பி வரும்" என்றார் கம்பனிக்காரர். "ஓங்கில் அந்த இடத்தில் இல்லை. நாங்க சும்மா சொல்லல. உங்க ஊர்ப் பிள்ளைகளே பார்த்து எழுதியிருக்காங்க. அந்தப் பதிவை முறைப்படி அலுவலகத்தில் கேட்டு எடுத்தோம்."

"ஓங்கில் இல்லாத கடலோ?" என்று நாலைந்து பேர் ஒன்றாகக் கேட்டார்கள்.

உத்தியோகத்தர் கையை உயர்த்தினார். "கடலில் ஓடித் திரிகிற ஓங்கிலைப் பற்றிப் பேசவில்லை. வழக்கமாக வந்து மேய்கிற இடம், குட்டி வளர்க்கிற இடம் ஒன்று இந்தச் சதுரத்துக்குள் இருந்தால் அனுமதி கொடுக்க முடியாது. அப்படி ஒன்று இருப்பதாகப் பதிவு இல்லை. இருபத்து நான்கு பயணம். மூன்றாம் கட்டம், பூச்சியம். எல்லாத் தாளிலும் உள்ளூர்ப் படகோட்டி கையொப்பம் வைத்திருக்கிறார்."

அடுத்த படம் விழுந்தது. சுவரளவு பெரிதாக மாயாண்டியின் கையெழுத்து. நாலாம் வகுப்போடு நின்ற கை கோணல்மாணலாக எழுதிய பெயர்.

சுதாஜினி எழும்பினாள். முகம் வெளிறியிருந்தது. "பதிவு உண்மை. எங்களுக்குக் கிடைச்சது அவ்வளவுதான். நான் இல்லாததை இருக்கெண்டு சொல்ல மாட்டன்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டாள்.

மாயாண்டி கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நிலத்தைக் காட்டிக் கொடுத்து இழந்தவர், கடலை மறைத்து இழக்கப் போகிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்குச் சோறும் இல்லை, பூசணிக்காயும் இல்லை. மணல் உறிஞ்சும் கப்பல் வந்தால் ஒரே மாதத்தில் பார் சேற்றுக்குள் போய்விடும். வாயைத் திறந்தால் பார் ஊருக்குத் தெரிந்துவிடும். ஊருக்குத் தெரிந்த பார் மாயாண்டியின் பார் இல்லை.

எழும்பினார்.

"அந்தத் தாள் பொய்" என்றார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"பிள்ளையள் பொய் எழுதேல்ல. கண்டதைத்தான் எழுதினவை. நான்தான் காட்டேல்ல. ஓரத்தில கொண்டு போய் நிப்பாட்டிப் போட்டுத் திரும்பிக் கொண்டு வந்தனான். நடுவில ஒரு பார் கிடக்கு. ஓங்கில் அங்கதான் வருது."

கம்பனிக்காரர் சிரித்தார். உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. "ஐயா, இருபத்து நான்கு முறை இல்லை என்று கையொப்பம் வைத்தீர்கள். இன்றைக்கு இருக்கிறது என்கிறீர்கள். எதை நான் நம்புவது?"

அது நியாயமான கேள்வி. மாயாண்டி அதற்கு என்ன சொல்லலாம்?

"என்னை நம்ப வேண்டாம். போய்ப் பாருங்கோ."

"எங்கே போய்ப் பார்ப்பது? இடத்தைச் சொல்லுங்கள். கூட்டக் குறிப்பில் பதிகிறோம்."

கேட்கக் கூடாத கேள்வியை அந்த மனிதர் தெரியாமல் கேட்டுவிட்டார். விஜிதரன் அவசரமாக எழும்பினார். "ஐயா, அவர் மிஸ்ஸிட்டத் தனியச் சொல்லட்டும். அவ எழுதித் தருவா. இவ்வளவு பேருக்கு முன்னால அவரைக் கேக்க வேண்டாம்."

"குறிப்பில் பதிவதைச் சபையில் வாசித்துக் காட்ட வேண்டும். அது விதி" என்றார் உத்தியோகத்தர். குரலில் கடுமை இல்லை.

விஜிதரன் மாயாண்டியைப் பார்த்தார். கூலியாளாக ஏற்றிய காலத்திலிருந்து அவர் இப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. "அண்ணை, யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

மாயாண்டி யோசித்து முடித்திருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மேற்க பாக்கோணும். தண்ணித் தாங்கி சேர்ச்சின்ர சிலுவைக்கு நேர பின்னால வரோணும். தெற்க ரெலிபோன் ரவர் ஆத்துவாய்க்கு மேல நிக்கோணும். ரெண்டும் ஒண்டா வாற இடத்தில ஈயத்தை விட்டா எட்டுப் பாக ஆழத்தில கல்லுத் தட்டும். அதுதான் இடம். ஓங்கில் விடிய ஆறு மணிக்கு வரும், எட்டரைக்குப் போயிடும். பதினொண்டு. ஒண்டுக்கு முதுகுச் செட்டை கிழிஞ்சிருக்கு. ரெண்டு குட்டி."

உத்தியோகத்தர் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். ஆக, குறி இரண்டு தரம் சபையில் சொல்லப்பட்டது. யாரும் மாயாண்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. சிலர் வெட்கப்பட்டு நிலத்தைப் பார்த்தார்கள். வெட்கப்பட்டவர்களிலும் இரண்டு பேருக்கு உதடு அசைந்துகொண்டிருந்தது. தாங்கி, சிலுவை, ரவர், ஆத்துவாய்.

முடிவு இப்படி வந்தது. மணல் அனுமதி நிறுத்திவைக்கப்படும். மூன்று மாதம் மறுபடி கேட்டுப் பதிய வேண்டும். பதிவைப் பிழையாக்கிய படகை இந்த முறை எடுக்கக் கூடாது.

வெளியே பூவரச மரத்தடியில் சுதாஜினி அவரை மறித்தாள். கண் சிவந்திருந்தது. "மூண்டு மாசம் அண்ணை. பிள்ளையள் எவ்வளவு நம்பி வந்ததுகள். ஏன் எங்களுக்கு இப்பிடிச் செய்தனீங்கள்?"

மாயாண்டி மரம் எண்ணின கதையைச் சொன்னார். நீட்டாமல் சொன்னார்.

"நாங்கள் கல் நட வரேல்ல" என்றாள்.

"அவையளும் அப்பிடித்தான் சொன்னவை, மிஸ். பொய் சொல்லேல்ல அதுகள். அதுகளுக்கே தெரியாது."

சுதாஜினி கையிலிருந்த தாள்களை மடித்தாள். "ஒருநாளும் தடை வராது எண்டு நான் வாக்குத் தரேலாது அண்ணை. இந்தப் பதிவு என்ர கையை விட்டுப் போனால் யார் யார் எடுப்பினம் எண்டு எனக்கும் இண்டைக்குத்தான் தெரிஞ்சது. ஆனால் கூட்டம் வைச்சா உங்களுக்குப் பக்கத்தில வந்து இருப்பன்."

"சரி மிஸ்" என்றார் மாயாண்டி. அவள் வாக்குத் தந்திருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். தராதபடியால் கொஞ்சம் நம்பினார்.

சனிக்கிழமை விடியற்காலை வழக்கம்போலப் படகைத் தள்ளினார். வீரம்மா தேத்தண்ணிப் போத்தலைக் கொடுத்தாள். வெளிச்சம் வர வரத் தண்ணித் தாங்கி சிலுவைக்குப் பின்னால் நகர்ந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லாமல் போய்விட்டது. பார் எங்கே என்பதைப் படகுகளே காட்டிக்கொண்டு நின்றன. ஏழு படகு.

எட்டாவது விஜிதரனின் படகு, சற்றுத் தள்ளி, எஞ்சினை நிறுத்தியபடி. அதில் செம்மஞ்சள் அங்கிகள். அதைச் சுற்றி ஓங்கில்கள் மூச்சு விட்டுக்கொண்டு மேய்ந்தன. கிழிந்த செட்டைக்காரியும் நின்றாள். றிஸ்மியா காதுக் கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நிருஷன் தாளில் வேகமாக எழுதினான். வராமல் விட்ட இரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

றிஸ்மியா கண்ணைத் திறந்து அவரைக் கண்டாள். "மாமா, பதினொண்டில்ல" என்று தண்ணீருக்கு மேலாகச் சத்தம் போட்டாள். "பதின்மூண்டு சீழ்க்கை. பதின்மூண்டு பேர்."

ஒன்பது வருடம் தனியாகப் பார்த்தும் இரண்டை அவர் எண்ணாமல் விட்டிருக்கிறார். "அப்பிடியே?" என்றார். உண்மையாகவே அவருக்குச் சந்தோசமாக இருந்தது. இருந்ததை அவர் மறைக்கவில்லை.

பக்கத்துப் படகுக்காரர் நல்ல விளைமீன் ஒன்றை இழுத்து ஏற்றினார். மாயாண்டியைக் கண்டதும் கையைப் பாதி உயர்த்தி, பிறகு தூண்டிலைப் பார்க்கிறவர்போலக் குனிந்துகொண்டார். மாயாண்டி எஞ்சினை மெல்ல விட்டு, நங்கூரம் போட இடம் தேடி, பாரை ஒருதரம் முழுதாகச் சுற்றி வந்தார். கிழக்கு ஓரத்தில் ஒரு படகுக்கு இடம் இருந்தது. அந்தப் பக்கத்தில் மீன் படாது என்பது அங்கே இருந்தவர்களில் அவருக்கு மட்டும்தான் தெரியும். நங்கூரத்தை அங்கேயே போட்டார்.